எபிநேசரின் ஏழாம் நாள்

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அன்னூர் எபிநேசர் வாரத்தையே மாற்றி அமைத்தார்.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர் செருப்பை மூலைக்கு ஒன்றாக உதறினார். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு கத்தினார்.

"நல்லாக் கேட்டுக்கோ. இனிமே இந்த ஊட்டுல சனிக்கெழமைதான் ஓய்வுநாள். ஞாயித்துக்கெழமை வேலநாள். ஞாயித்துக்கெழமை அந்த சர்ச்சுக்கு இந்த ஊட்டுல இருந்து ஒரு ஆள் போகக் கூடாது!"

வீட்டில் இருந்ததே இரண்டு ஆள். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். போகக் கூடாத அந்த ஒரு ஆள் யார் என்பதில் குழப்பமே இல்லை. அந்த ஆள், அதாவது எபிநேசரின் மனைவி சுகிர்தம், முறத்தை மடியில் வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, திடீர்னு?"

"திடீர்னு இல்ல. ரெண்டாயிரம் வருசமா ஊரை ஏமாத்திப்போட்டானுங்க. வாரத்துல ஏழாவது நாள் எது? சனி. ஆண்டவர் ஓய்ஞ்சிருந்தது எது? சனி. எவனோ ஒரு ராசா நாளை மாத்தி வச்சான்னா, நாமளும் ஆட்டு மந்தையாட்டம் போகோணுமா?"

எபிநேசருக்கு அந்த ராஜாமேல் கோபமே கிடையாது. கோபம் வேறு இடத்தில் இருந்தது. அதை வெளியே சொன்னால் மானம் போய்விடும்.

அன்னூர் கடைவீதியில் எபிநேசருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் போர் மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் வரும். அதே கைதான் பதினெட்டு வருஷமாகச் சபையின் மைக் செட்டையும் பார்த்து வந்தது. ஞாயிறு காலை ஆராதனையில், சட்டைப் பையில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு கடைசித் தூணோரம் நிற்பார். மைக் கிய்யென்று கத்தினால் ஒரே எட்டில் போய்த் திருகுவார். போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பார். சபையே அவரைப் பார்க்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் எபிநேசர் வாரம் முழுக்க உயிரோடு இருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

புதுப் போதகர் வந்தார். நாற்பது குமிழ் வைத்த புது மிக்சர் ஒன்றும் வந்தது. அதை இயக்குகிற பொறுப்பை இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிற ரித்திகாவிடம் கொடுத்துவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். போன ஞாயிறு, எல்லார் முன்னாலும் அந்தப் பெண் சொன்னாள்: "அங்கிள், கொஞ்சம் அப்படித் தள்ளி நில்லுங்க. வயரை மிதிக்கறீங்க."

வயரை மிதிக்கிறாராம்! அந்த வயரைப் போட்டதே அவர்தான்!

எபிநேசருக்குத் தலைக்குமேல் ஏறிய கோபம் இறங்கவே இல்லை. மைக் போச்சே என்று சண்டைக்குப் போனால் ஊர் சிரிக்கும். ஆகவே கொஞ்சம் பெரிய காரணமாகத் தேவைப்பட்டது. கடையில் உட்கார்ந்து ஃபோனைத் தடவியபோது, உலகமே தப்பான நாளில் ஓய்வெடுக்கிறது என்று ஒருவர் பேசிய வீடியோ அகப்பட்டது. எபிநேசருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூன்று நாள் அதே வேலையாகப் பார்த்தார். நாலு மோட்டார்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்துக் கிடந்தன. புதன்கிழமை போதகருக்கே ஃபோன் போட்டார்.

"பாஸ்டர், கட்டளையில ஏழாவது நாள்னு போட்டிருக்குதுங்களா இல்லீங்களா?"

"போட்டிருக்குதுங்க அண்ணா. ஆனா ஆண்டவர் உயிர்த்தெழுந்தது வாரத்தோட முதல் நாளுங்க. சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடினதும் அன்னிக்குத்தானுங்க."

"கூடினாங்க. கட்டளையை மாத்துனாங்களா? எந்த எடத்துல மாத்துனாங்க? காட்டுங்க!"

"அண்ணா, ஒருத்தர் ஒரு நாளை விசேஷமா நினைக்கறாரு, இன்னொருத்தர் எல்லா நாளையும் ஒண்ணா நினைக்கறாரு. ரெண்டு பேரும் சண்டை போடாம இருக்கோணும், அவ்வளவுதானுங்க."

சண்டை போட வந்தவரிடம் சண்டை போடாதே என்றால் கோபம் வராதா? எபிநேசர் ஃபோனை வைத்தார். சிவப்புப் பெயின்டை எடுத்தார். 'சனி விடுமுறை. ஞாயிறு கடை உண்டு' என்று தகரத்தில் எழுதிக் கடை முகப்பில் தொங்கவிட்டார். கடைவீதி முழுக்கப் படித்தது. டீக்கடையில் அரை மணி நேரம் விளக்கம் வேறு கொடுத்தார்.

இப்போது வீட்டுக்கும் அறிவித்தாகிவிட்டது.

சுகிர்தம் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "வர்ற ஞாயித்துக்கெழமை சபை ஆண்டு விழாங்க."

"தெரியும்."

"பெண்கள் பாடகர் குழு மொதத்தடவையா தனியாப் பாடுது. பன்னண்டு பேரு. மூணு மாசமாப் பழகறோம். நான்தான் முன்னால நின்னு எடுத்துக் குடுக்கோணும்."

"அதைய வேற ஆராவது எடுத்துக் குடுப்பாங்க."

சுகிர்தத்தின் முகம் சிவந்தது. மூன்று மாதம் சட்டியைக் கிண்டிக்கொண்டே, துணியை அலசிக்கொண்டே, மாவரைக்கிற கிரைண்டரின் சத்தத்தையும் மீறிப் பாடிப் பழகியவள் அவள். இருபத்தேழு வருஷக் குடும்பத்தில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அந்தப் பத்து நிமிஷம்தான். அதை ஒரு வார்த்தையில் தூக்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். கையிலிருந்த வெங்காயத்தை அவர் தலையில் எறியலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வெங்காயம் விற்கிற விலையில் மனசு வரவில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "செரிங்க. சனிக்கெழமை ஓய்வுநாள்னா எப்ப இருந்துங்க?"

"வெள்ளிக்கெழமை பொழுது எறங்குனதுல இருந்து, சனிக்கெழமை பொழுது எறங்கற வரைக்கும்."

"வேலை ஒண்ணும் செய்யக் கூடாதுங்களா?"

"துரும்பை அசைக்கக் கூடாது."

"அடுப்பு?"

"நெருப்பே மூட்டக் கூடாது! வேதத்துலயே இருக்குது!"

"செரிங்க," என்றாள் சுகிர்தம். மறுபடி வெங்காயம் உரித்தாள். கல்யாணமான எந்த ஆணும் அந்தச் 'செரிங்க'வைக் கேட்டிருந்தால் அப்போதே ஓசூர் பஸ் ஏறியிருப்பான். எபிநேசர் ஜெயித்துவிட்டதாக நினைத்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு எபிநேசர் பசியோடு வீட்டுக்கு வந்தார். அடுப்பு துடைத்துக் கோலம் போட்டிருந்தது. தோசை மாவு ஃப்ரிட்ஜில் இருந்தது. சுகிர்தம் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுகிர்தம், சோறு?"

"ஆறு இருவதுக்குப் பொழுது எறங்கீருச்சுங்க. இருவது நிமிசம் முந்தி வந்திருந்தீங்கன்னா ரெண்டு தோசை ஊத்தியிருப்பேன்."

"முன்னாடியே செஞ்சு வெக்கறதுதானே?"

"நீங்க முன்னாடியே சொல்லோணுமுங்க. எனக்கு இந்தச் சட்டமெல்லாம் புதுசு."

இரண்டு பூவன் பழத்தோடு படுத்தார் எபிநேசர். சனிக்கிழமை காலை எழுந்தார். காப்பி இல்லை. காப்பி இல்லாத எபிநேசர் பிளக் போடாத மோட்டார், தள்ளினாலும் ஓடமாட்டார். ஜெபம் பண்ண உட்கார்ந்தார். வயிறு உரக்கப் பேசியது.

ஒன்பது மணிக்கு வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. சுப்பண்ணன் இறங்கினார். தக்காளி போடுகிற தோட்டக்காரர். வண்டியில் மோட்டார் கிடந்தது.

"எபிநேசரு, போர் மோட்டார் நேத்துச் சாயங்காலம் பொகைஞ்சுபோச்சுங்க. கடையில போர்டு தொங்குது. அதான் ஊட்டுக்கே வந்தேன். நாத்து நட்டு நாலு நாளுதானுங்க ஆச்சு. எல்லாம் காயுது."

"இன்னிக்கு ஓய்வுநாளுங்க சுப்பண்ணா. வேலை செய்யக் கூடாது."

"உங்களுக்கு ஞாயித்துக்கெழமை தானுங்களே லீவு?"

"அது தப்பான நாளுங்க."

சுப்பண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "செடிக்குத் தெரியுமுங்களா எந்த நாள் செரி, எந்த நாள் தப்புன்னு? அது காயுதுங்க!"

உள்ளே இருந்து சுகிர்தம் வந்தாள். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழமை அவருக்கு வேலநாளுங்க. காத்தால ஆறு மணிக்குக் கடைக்கு வந்துருங்க. முடிச்சுக் குடுக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. இல்லீங்களா?"

"ஆமாங்க," என்றார் எபிநேசர். நல்லவேளை, மனைவி மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று சந்தோஷம்கூடப் பட்டார். பாவம்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. பக்கத்து வீட்டு நாச்சியம்மாள் அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றினாள். வாசனை மதில் தாண்டி வந்து எபிநேசரின் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவர் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒரு மணிக்கு உடைந்தார்.

"சுகிர்தம்! எந்திரி. சோறாக்கு."

"நெருப்பு மூட்டக் கூடாதுங்க."

"உனக்கு அந்தச் சட்டம் இல்லை!"

"எப்படிங்க இல்லை?"

எபிநேசருக்குப் பசியில் ஞானம் பிறந்தது. அலமாரியிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்துவந்து விரலால் தட்டினார். "பாரு. ஆரெல்லாம் வேலை செய்யக் கூடாதுன்னு ஒவ்வொருத்தராச் சொல்லியிருக்குது. நீ, உன்ற மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வாசல்ல இருக்கற வெளியாளு. பொண்டாட்டின்னு எங்காவது இருக்குதா? மாட்டைச் சொன்னவரு பொண்டாட்டியைச் சொல்லலையே! அப்ப என்ன அர்த்தம்? பொண்டாட்டி வேலை செய்யலாம்!"

சுகிர்தம் எழுந்து உட்கார்ந்தாள். கண் இரண்டும் பளபளத்தன. அவள் வெள்ளிக்கிழமை மத்தியானமே அந்த இடத்தை இரண்டு தரம் படித்து வைத்திருந்தாள். பசி அவரை அங்கே கூட்டிக்கொண்டு வரும் என்று பொறுத்திருந்தாள். அது எபிநேசருக்குத் தெரியாது.

மதில் பக்கம் போனாள். "நாச்சியக்கா, கொஞ்சம் இங்க வாங்க. இவரு சொல்றதைக் கேளுங்க. ஏனுங்க, மறுபடி சொல்லுங்க. அந்தக் கட்டளையில நான் இருக்கறனா இல்லையா?"

"இல்லை!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க ஓய்வுநாள் சட்டம் என்னையக் கட்டாதுங்களா?"

"கட்டாது, கட்டாது, கட்டவே கட்டாது! அடுப்பைப் பத்த வை!"

நாச்சியம்மாள் கையில் கரண்டியோடு நின்றாள். "மாட்டுக்கு இருக்கற லீவு எங்க அம்மணிக்கு இல்லீங்களா? நல்ல சட்டமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுகிர்தம் சமைத்தாள். முருங்கைக்காய்ச் சாம்பார், அப்பளம், கெட்டித் தயிர். எபிநேசர் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். வேதம் அறிந்த மனுஷனை எந்தப் பெண்ணும் ஜெயிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே தூங்கினார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சுப்பண்ணன் கடை வாசலில் நிற்பார். ஐந்தரைக்கே எழுந்து அவசரமாகச் சட்டையை மாட்டினார் எபிநேசர். கூடத்தில் சுகிர்தம் குளித்து, மெரூன் பட்டுச்சேலை கட்டி, பாட்டு நோட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"சர்ச்சுக்குங்க. கடைசிப் பழக்கம் ஏழு மணிக்கு."

"நான் என்ன சொன்னேன்? ஞாயித்துக்கெழமை..."

"உங்க சட்டம் என்னையக் கட்டாதுன்னு மூணு தடவை சொன்னீங்க. நாச்சியக்கா சாட்சி. சனி என்னையக் கட்டாதுன்னா, ஞாயிறு மட்டும் எப்படிங்க கட்டும்?"

எபிநேசர் பழைய பூட்டை எடுத்துக் கதவைச் சாத்தலாமா என்று பார்த்தார். அதற்குள் ஃபோன் அடித்தது. "எபிநேசரு, கடை வாசல்ல நிக்கறேனுங்க. நீங்க வரலீன்னா ஊட்டுக்கே வாரேன்," என்றார் சுப்பண்ணன். குரலில் மரியாதை குறையவில்லை. பொறுமை சுத்தமாக இல்லை.

"நேரமாச்சு, போங்க. அண்ணன் செடி காயுது," என்று சுகிர்தமே அவரை முன்னால் அனுப்பி வைத்தாள்.

கடைக்கும் ஆலயத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சந்து. எபிநேசர் எரிந்த கம்பியைப் பிடுங்கினார். புதுச் செம்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். சுப்பண்ணன் எதிரே ஸ்டூலைப் போட்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றுக்குப் போகக்கூட எழ முடியவில்லை. பத்தே காலுக்கு ஒலிபெருக்கியில் சுகிர்தத்தின் குரல் வந்தது. முதல் இரண்டு அடி தனியாக. பிறகு பதினோரு பேர் சேர்ந்துகொண்டார்கள். பிசிறில்லை. நடுக்கமில்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றுபோயிற்று.

"ஆருங்க இது? நம்ம அம்மணியா?" என்றார் சுப்பண்ணன்.

"ம்."

"என்ன கொரலுங்க! போய்ப் பாக்காம இங்க உக்காந்திருக்கறீங்க?"

எபிநேசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளால்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று கத்த நினைத்தார். கத்தினால் சுற்று எண்ணிக்கை தப்பிவிடும். ஏற்கெனவே தப்பிவிட்டது. மறுபடி பிரித்து முதலிலிருந்து சுற்றினார்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தார். பாத்திரம் எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. நாலு மணிக்குச் சுகிர்தம் தோளில் சால்வையோடு வந்தாள். ஆண்டு விழா விருந்தில் சாப்பிட்ட பிரியாணி வாசனை அவள்கூடவே வந்தது. எபிநேசர் வெடித்தார்.

"என்னைய ஏமாத்திப்போட்ட! பசியில ஒரு வார்த்தை சொன்னா அதையப் பிடிச்சுக்குவியா? அந்தக் கட்டளையில நீயும் இருக்கற! புருசன் பொண்டாட்டி ஒரே சரீரம். 'நீ'ன்னு சொன்னா நாம ரெண்டு பேரும்தான். என்ற ஓய்வுநாள்தான் உன்ற ஓய்வுநாள்!"

சத்தம் கேட்டு நாச்சியம்மாள் மதில்மேல் தலையை நீட்டினாள். கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அக்கா, கேட்டுக்குங்க," என்றாள் சுகிர்தம். "சனிக்கெழமை எனக்கும் ஓய்வுநாளாமா. செரிங்களா?"

"செரி!" என்று கத்தினார் எபிநேசர்.

"அப்ப சனிக்கெழமை நான் சமைக்க மாட்டேன்."

"வெள்ளிக்கெழமையே ஆக்கி வெச்சுரு."

"நாளு உங்க நாளு. நீங்க ஆக்கி வெய்ங்க."

"என்ன பேச்சு இது?"

சுகிர்தம் சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டாள். இதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் இப்போது வந்தது.

"சனியா ஞாயிறான்னு ரெண்டு பக்கமும் ஆம்பளைங்க நின்னு கத்தறீங்க. ஓய்வெடுத்து எந்திரிச்சா ரெண்டு பக்கத்துக்கும் சோறு வேணும். அதைய ஆருங்க ஆக்கறது? இருவத்தேழு வருசமா ஞாயித்துக்கெழமை அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கறி கழுவி வெச்சுப்போட்டு சர்ச்சுக்கு ஓடுனேன். வந்ததும் மறுபடி அடுப்படி. நீங்க தின்னுபோட்டுத் தூங்குனீங்க. அது உங்க ஓய்வுநாள். என்ற ஓய்வுநாள் எதுங்க? எடுத்துக் காட்டுங்க பாக்கலாம், எந்த எடத்துல எழுதியிருக்குதுன்னு!"

எபிநேசர் மதிலைப் பார்த்தார். நாச்சியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்தார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

"செரி," என்றார் கடைசியில். "ஞாயித்துக்கெழமை?"

"எனக்கு ஆராதனை நாளுங்க. நாங்க பன்னண்டு பேரும் இனி வாராவாரம் பாடறோம். பாஸ்டர் சொல்லிப்போட்டாரு. உங்களுக்குத்தான் அது வேலநாள். வேலநாள்ல வேலை செய்யறவங்கதானுங்க சமைக்கோணும்?"

தப்பிக்க ஒரு வழி இருந்தது. 'அம்மா தாயே, ஞாயிறே இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கடை முகப்பில் சிவப்புப் பெயின்ட் தொங்குகிறது. டீக்கடையில் விளக்கம் கொடுத்தாகிவிட்டது. போதகரிடம் 'எந்த எடத்துல மாத்துனாங்க, காட்டுங்க' என்று சவால் விட்டாகிவிட்டது. இப்போது வாபஸ் வாங்கினால் ஊர் சிரிப்பது இருக்கட்டும், அந்த ரித்திகாகூடச் சிரிப்பாள். எபிநேசர் மானஸ்தர். சனியை விடவில்லை.

ஆகவே இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே கடையை மூடிவிட்டு ஓடுகிறார். பொழுது இறங்குவதற்குள் இரண்டு வேளைச் சோறும் குழம்பும் ஆக்கி இறக்க வேண்டும். சுகிர்தம் கட்டிலில் படுத்தபடியே கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் கால் மணி நேரம் இருக்குதுங்க," என்று குரல் கொடுப்பாள். சனிக்கிழமை ஆறின சோற்றைத் தின்று, அதே ஆத்திரத்தோடு ஓய்ந்திருக்கிறார். ஞாயிறு விடிவதற்கு முன் எழுந்து கறி கழுவுகிறார். சுகிர்தம் பட்டுச்சேலை கட்டிப் பாடப் போகிறாள். திங்கட்கிழமைதான் அடுப்படி மறுபடி அவள் கைக்குப் போகிறது.

கடைவீதியில் இன்றைக்கும் யாராவது அவரைச் சீண்டிப் பார்ப்பார்கள். "ஏனுங்க எபிநேசரு, ஓய்வுநாள் சனிங்களா, ஞாயிறுங்களா?"

எபிநேசர் கடை ஸ்டூலில் காலை நீட்டிச் சாய்ந்துகொள்வார்.

"திங்கக்கெழமைங்க."